துவக்கில்லாத லைசன்ஸ்

எங்கள் அரசாங்கக் கந்தோரில் துவக்குப் பதிவேடு, அதாவது துப்பாக்கிகளின் பதிவேடு, என்று ஒன்று இருந்தது. துவக்குகள்தான் இருக்கவில்லை. நான் எழுதுவினைஞராகச் சேர்ந்த முதல் கிழமையே அதை என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். யாரும் விரும்பாத வேலையைப் புதிதாக வருகிறவரின் தலையில் கட்டுவது எல்லாக் கந்தோர்களிலும் உள்ள வழக்கம்தான். எனக்கோ அது பெருமையாக இருந்தது. தடித்த நீல அட்டை, தோல் முதுகு, உள்ளே சிவப்புக் கோடு போட்ட நிரல்கள். இந்தப் பிரதேசத்துத் துவக்கு முழுவதையும் என்னிடம்தான் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று வீட்டில் போய்ச் சொன்னேன். அப்பா சிரித்தார். "துவக்கைத் தரேல்லைப் பிள்ளை, கொப்பியைத்தான் தந்திருக்கினம்" என்றார்.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியின் இரண்டு பக்கமும் காடு, குளம், வயல்தான். பன்றிக் கூட்டம் ஒன்று இறங்கினால் விடிவதற்குள் கால் ஏக்கர் நெல்லை உழுதுவிடும். யானை வந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் பயிர் காக்கத் துவக்கு வைத்திருக்க விவசாயிக்கு அனுமதி கொடுக்கும் சட்டம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருந்தது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு விவசாயியின் வாய்ச்சொல்லில் நம்பிக்கை கிடையாது. துவக்கின் இலக்கத்தோடு விட்டுவிடாது. எந்தக் காணியைக் காக்கத் துவக்கு, அது எத்தனை ஏக்கர், நாலு எல்லையும் எவை, எந்த வருடத்திலிருந்து செய்கை பண்ணுகிறார் என்று தோண்டித் தோண்டிக் கேட்கும். ஊர்த் தலைமைக்காரரான விதானையார் நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்து வைப்பார். பிறகு இவ்வளவும் பதிவேட்டில் ஏறும். துவக்குக்காரரின் கையில் இருக்கும் சின்னப் புத்தகத்திலும் ஏறும். மார்கழி முடிய லைசன்ஸ் முடியும். தை பிறந்ததும் வந்து புதுப்பிக்க வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் இந்த ஒழுங்கு கவிழ்ந்தது. வடக்கில் லைசன்ஸ் உள்ள துவக்குகள் எல்லாவற்றையும் பொலிசில் ஒப்படைக்கச் சொல்லிக் கட்டளை வந்தது. நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அப்பா தன்னுடைய ஒற்றைக்குழல் துவக்குக்கு எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றி, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போனது நினைவிருக்கிறது. திரும்பி வரும்போது சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. தொண்ணூறில் பொலிஸ் நிலையங்களும் மூடப்பட்டன. துவக்குகள் எங்கே போயின என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். சிலர் கொழும்புக்குப் போயின என்றார்கள், சிலர் காட்டுக்குப் போயின என்றார்கள். இதற்குள் லைசன்ஸ் என்ற சொல்லையே கேள்விப்படாத துவக்குகள் எங்கள் வீதியால் போய்வரத் தொடங்கியிருந்தன. அவற்றுக்கு எங்கள் பதிவேட்டில் நிரல் கிடையாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒவ்வொரு தை மாதமும் பத்துப் பதினைந்து பேர் லைசன்ஸ் புதுப்பிக்க வருவார்கள். துவக்கு பாதுகாப்புக்குத்தான் எடுக்கப்பட்டது, நிலைமை சீரானதும் திரும்பத் தருவார்கள், லைசன்ஸ் இடையில் அறுந்திருந்தால் கிடைக்காது என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்கு முன்பிருந்தவர்களும் மறுக்கவில்லை. வருகிறவரின் மனதை ஏன் நோகடிப்பான் என்று புத்தகத்தை வாங்கி முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். நானும் குத்தினேன். ஆனால் எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். நான் கணக்காக வேலை செய்கிறவள். முத்திரை கோட்டுக்கு வெளியே ஒரு மயிரளவு போனாலும் எனக்குச் சோறு இறங்காது. இல்லாத துவக்குக்கு நேராக முத்திரை குத்துவது எனக்குப் பெரிய அசிங்கமாகப் பட்டது.

அந்தப் பத்துப் பதினைந்து பேரில் முதலாவதாக வருகிறவர் எப்போதும் ஒருவர்தான். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்த மனிதர். வாய்க்கால் ஓரத்துக் காட்டை வெட்டி ஒன்றரை ஏக்கர் வயலாக்கியிருந்தார். கந்தோர் திறக்க முன்பே வந்து வாசலில் நிற்பார். மனைவியும் கூட வருவார். ஆனால் உள்ளே வரமாட்டார், வெளியே வேப்பமரத்துக்குக் கீழே குந்தியிருப்பார். புத்தகத்தைப் பொலித்தீன் பைக்குள் வைத்து, அதைத் துணியில் சுற்றி, அந்தத் துணியை இன்னொரு பைக்குள் வைத்திருப்பார் அந்த மனிதர். அதைப் பிரித்து எடுக்கிற நேரத்துக்குள் நான் இரண்டு பேரின் அலுவலை முடித்துவிடலாம். "கெதியாய் எடுங்கோ" என்று அதட்டுவேன். அவர் என் அப்பாவின் வயதுக்காரர். எங்கள் குடியேற்றத் திட்டத்துப் பெரியவர் யாரையும் அப்படி நான் அதட்டியதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய எங்களுக்கு அந்தச் சனத்தைப் பற்றி வீட்டுக்குள் சொல்கிற ஒரு சொல் இருந்தது. நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

யாழ்ப்பாணத்துச் சனம் பெட்டி படுக்கையோடு வன்னிக்கு வந்து சேர்ந்ததற்கு அடுத்த வருடம், கொழும்பில் துவக்குச் சட்டத்தை மேலும் இறுக்கினார்கள். அது எங்களுக்கு உடனே தெரியாது. பத்திரிகையே பழசாகி வருகிற காலம். அந்த அச்சுத்தாள் பல மாதம் பிந்தி, கோதுமை மா மூட்டைகளோடு ஒரு லொறியில் எங்கள் கந்தோருக்கு வந்தது. மூலையில் மா ஒட்டியிருந்தது. லைசன்ஸோ கணக்கோ இல்லாமல் துவக்கு வைத்திருப்பவருக்குத் தண்டனை பல மடங்கு கூட்டப்பட்டிருந்தது. நான் அதை இரண்டு முறை வாசித்தேன். பிறகு துவக்குப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன்.

நான் நினைத்தது இதுதான். எங்கள் பதிவேட்டின்படி இத்தனை பேரிடம் துவக்கு இருக்கிறது. போன தை மாதம் கூட முத்திரை குத்தியிருக்கிறோம். நாளைக்கு ஒருவர் வந்து "துவக்கைக் காட்டு" என்றால் இவர்கள் எதைக் காட்டுவார்கள்? ஒப்படைத்த பொலிஸ் நிலையம் இல்லை. பொலிஸ் தந்த சீட்டு எத்தனை வீட்டில் மிச்சம் இருக்கும்? நான் உடனே எங்கள் தலைமை அதிகாரியிடம் போனேன். கந்தோரின் பெயர்ப்பலகை பிரதேச செயலகம் என்று மாறிய பிறகும் சனத்துக்கு அவர், உதவி அரசாங்க அதிபர் என்ற பழைய பதவிப் பெயரில், ஏ.ஜி.ஏ. ஐயாதான். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"றோட்டில போற துவக்கையெல்லாம் விட்டிட்டு நீர் இந்தச் சனத்தின்ர துவக்குக்குக் கவலைப்படுறீர்" என்றார்.

"றோட்டில போறது எங்கட பதிவேட்டில இல்லை, ஐயா. இது இருக்கு."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "சரி. பதிவேட்டை மூடிவிடும்" என்றார்.

எனக்கு அன்று கால் நிலத்தில் படவில்லை. விதானைமார் மூலம் அறிவித்தல் அனுப்பினேன்: லைசன்ஸ் புத்தகம் உள்ளவர்கள் கொண்டுவந்து ஒப்படைக்கவும். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் "துவக்கு பொலிசில் ஒப்படைக்கப்பட்டது, அனுமதி ரத்து" என்று எழுதி ஒப்பம் வைத்தேன். சனம் சந்தோசமாகவே புத்தகத்தைத் தந்தது. பெரிய தலையிடி ஒன்று போயிற்று என்று ஒருவர் எனக்கு ஒரு பூசணிக்காய் கூடக் கொண்டுவந்து தந்தார். என் அப்பா தன் புத்தகத்தைத் தேடி எடுத்துத் தூசி தட்டித் தந்தார். நான் ஒரு நல்ல காரியம் செய்கிறேன் என்பதில் எனக்கு அணுவளவும் சந்தேகம் இருக்கவில்லை.

முதல் ஆளாக எப்போதும் வருகிற மனிதர் இந்த முறை கடைசி ஆளாக வந்தார். மூன்று முறை ஆள் அனுப்பிய பிறகுதான் வந்தார். பையைப் பிரித்தார், துணியைப் பிரித்தார், புத்தகத்தை எடுத்தார். ஆனால் கையை விடவில்லை. ஒரு நுனியை அவரும் மறு நுனியை நானும் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"மத்தது எல்லாத்தையும் எடுத்துக்குங்க மிஸ். இத மட்டும் விட்டுடுங்க" என்றார்.

"இதைத் தவிர உங்களிட்ட எடுக்கிறதுக்கு வேற என்ன இருக்கு?" என்றேன் நான். வெடுக்கென்று வந்துவிட்டது. பக்கத்து மேசையில் இருந்தவர் சிரித்தார்.

"ஆமா மிஸ், வேற இல்ல" என்றார் அவர்.

"துவக்கைக் குடுத்தாச்சு. பிறகு லைசன்ஸ் என்னத்துக்கு? வைச்சிருந்தா உங்களுக்குத்தான் கரைச்சல். சட்டம் மாறியிட்டுது, விளங்குதோ?"

அவருக்கு விளங்கியதா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஒன்று நன்றாக விளங்கிவிட்டதாக நினைத்தேன். இந்த ஆள் துவக்கை ஒப்படைக்கவே இல்லை, எங்கேயோ மண்ணுக்குள் தாட்டு வைத்திருக்கிறார், அதுதான் புத்தகத்தை விட மனமில்லை. இதை நினைத்ததும் என் பிடி இறுகியது. அவர் விட்டுவிட்டார். பெற்றுக்கொண்டேன் என்று ஒரு துண்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். கடதாசிக்குத் தட்டுப்பாடான காலம். பழைய படிவங்களின் பின்பக்கத்தில்தான் நாங்கள் கடிதமே எழுதிக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் ஒருவரும் துண்டு கேட்கவில்லை. "கந்தோரில நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். போகும்போது அவருடைய கையில் வெறும் பை இருந்தது. அவர் அதையும் மடித்துத் துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

புத்தகங்களைக் கட்டாகக் கட்டிப் பதிவேட்டோடு சேர்த்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஆமி மாங்குளத்தை நெருங்கிய வருடம் கந்தோர் இடம்பெயர்ந்தது. இரண்டு உழவு இயந்திரப் பெட்டிகள்தான் கிடைத்தன. பிறப்பு, இறப்பு, விவாகம், ஓய்வூதியம், காணி, இவற்றை ஏற்றும், முடிந்த கோவைகளை விடும் என்று ஏ.ஜி.ஏ. ஐயா சொன்னார். துவக்குப் பதிவேட்டை நானே என் கையால் முடித்து வைத்தவள். அது எந்தப் பெட்டியிலும் ஏறவில்லை. இடம் இல்லாமல் இல்லை. கடைசியில் இரண்டாவது பெட்டியில் கொஞ்ச இடம் மிஞ்சியது. அதில் நான் என் கதிரையை ஏற்றினேன். பிரம்பு பின்னிய, முதுகுக்கு இதமான கதிரை. தண்ணீரூற்றுப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கொட்டிலில் கந்தோர் நடந்த காலம் முழுவதும் அந்தக் கதிரையில்தான் இருந்து வேலை செய்தேன். மற்றவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மர வாங்கில் இருந்தார்கள்.

நிலைமை மாறி நாங்கள் திரும்பிப் போனபோது கந்தோருக்குக் கூரை இல்லை. அலுமாரி இருந்த இடத்தில் சாம்பல்தான் இருந்தது, அதிலும் புல் முளைத்திருந்தது. யார் கொளுத்தியது என்று கேட்கிற பழக்கம் எங்களுக்குப் போயே போய்விட்டது. தகரம் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினோம்.

அதற்குப் பிறகுதான் காணிக் கச்சேரி வந்தது. அரசாங்கக் காணியில் இருப்பவர்களைக் கூப்பிட்டு, விசாரித்து, யார் உண்மையில் செய்கை பண்ணுகிறவர் என்று பார்த்துப் பெர்மிட் கொடுக்கும் நாள் அது. ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஏ.ஜி.ஏ. ஐயா நடுவில் இருந்தார், நான் பக்கத்தில் இருந்து குறிப்பு எழுதினேன். வாய்க்கால் ஓரத்து ஒன்றரை ஏக்கருக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் அந்த மலைநாட்டு மனிதர். மற்றவர் என் ஒன்றுவிட்ட அண்ணன்.

அண்ணனைக் கெட்டவராகக் காட்ட எனக்கு மனமில்லை, அவர் கெட்டவரும் இல்லை. அவருடைய தகப்பனுக்குத் திட்டத்தில் இந்த ஒன்றரை ஏக்கரைத் தருவதாக முந்தி ஒரு கடிதம் வந்திருந்தது. தகப்பன் ஒரு முறை வந்து காட்டைப் பார்த்துவிட்டு, பாம்புக்குப் பயந்து யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டார். இப்போது அண்ணன் இடம்பெயர்ந்து வந்து, மூன்று பிள்ளைகளோடு எங்கள் வீட்டு முற்றத்து ஓலை மாலில் இருந்தார். அந்தக் கடிதம் அவரிடம் இருந்தது. கச்சேரிக்கு முதல் நாள் பின்னேரம் குசினி வாசலில் நின்று, "எங்கட ஆள் ஒண்டு கந்தோருக்குள்ள இருக்கிறது எவ்வளவு நல்லம்" என்று அம்மாவிடம் சொன்னார். நான் கேட்டும் கேளாத மாதிரி இருந்தேன்.

கடிதத்தைப் பார்த்த பிறகு ஏ.ஜி.ஏ. ஐயா மற்றவரைக் கேட்டார்: "நீர் எப்ப தொடக்கம் அங்க செய்யிறீர்? ஏதாவது எழுத்து இருக்கோ?"

"கலவரம் நடந்த மறு வருசம் தொட்டு செய்யுறோம் ஐயா. எழுத்து இருந்துச்சு. துவக்கு லைசன்ஸ்ல எழுதியிருந்துச்சு, காணி எங்க, எல்லை என்ன, எந்த வருசம்னு. அத மிஸ் வாங்கிட்டாங்க."

மண்டபம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அவர் குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. மழை வந்தது என்று சொல்வது போலச் சொன்னார். அந்தப் புத்தகத்தில் துவக்கைத் தவிர வேறு ஏதும் இருக்கிறது என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்த நிரல்களை வருடா வருடம் பார்த்தவள் நான். வடக்கே வாய்க்கால், கிழக்கே பாலை மரம், தெற்கே காடு, மேற்கே வண்டிப் பாதை, விஸ்தீரணம் ஒன்றரை ஏக்கர். கண்ணை மூடினால் எழுத்துக்கு எழுத்து தெரிந்தது.

சாப்பாட்டு நேரம் வந்ததால் விசாரணை நின்றது. நான் சாப்பிடப் போகவில்லை. வெளியே மர நிழலில் அவரும் மனைவியும் இருந்தார்கள். போய் நின்று, கேட்கக் கூடாத மாதிரியில்தான் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ. நான் எழுதிக் குடுக்கிறதெண்டா எனக்குத் தெரியவேணும். துவக்கை ஒப்படைச்சனீங்களோ, இல்லையோ?"

அவர் வாயைத் திறக்கும் முன் மனைவி பேசினார். அதுவரை அவருடைய குரலை நான் கேட்டதில்லை.

"மொத நாளே கொண்டுபோய்க் குடுத்தாச்சு மிஸ். அத வச்சு என்ன பண்றது? இந்த மனுசன் ஒரு நாள் கூட வெடி வச்சதில்ல. சத்தம்னா பயம். பன்னிக்கு நான்தான் தகரம் தட்டுவேன்."

"அப்ப என்னத்துக்கு வாங்கினீங்கள்?"

இந்த முறை அவர் சொன்னார். "கடுதாசிக்கு மிஸ். இங்க வந்தப்ப எந்தப் பாரம் நிரப்பினாலும் பிரசாவுரிமை இருக்கா, பதிவு இருக்கான்னு கேட்டாங்க. அது எங்களுக்கு அப்ப ஏது? துவக்குப் பாரத்துல மட்டும்தான் காணி எங்க இருக்கு, பன்னி வருதான்னு கேட்டாங்க. துவக்கு இருந்தாத்தான் அந்தப் புத்தகம் தருவாங்கன்னாங்க. இவ காதுத் தோட்ட வித்துத் துவக்கு வாங்கினோம்."

"தேயிலைத் தோட்டத்துல நாங்க இருந்த லயத்து வீட்டுக் கதவு கூட எங்க பேர்ல இல்ல" என்றார் மனைவி. "அந்தப் புத்தகத்துல தான் இவர் பேரும் மண்ணும் ஒண்ணா எழுதியிருந்துச்சு."

"பொலிஸ் தந்த சீட்டு?"

"அது கூரையில சொருகி வச்சிருந்தோம். கறையான் தின்னுடுச்சு. அது துவக்குச் சீட்டுத்தானே மிஸ்."

என்னால் அவர்களுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. பயிர் காக்க ஊரெல்லாம் துவக்குக்கு லைசன்ஸ் எடுத்தது. இவர்கள் லைசன்ஸ் எடுப்பதற்காகத் துவக்கு வாங்கியிருக்கிறார்கள். துவக்கு போனபோது இவர்களுக்கு ஒன்றும் போகவில்லை. நான் புத்தகத்தைப் பறித்த அன்றுதான் எல்லாம் போயிருக்கிறது. பறித்ததோடு நில்லாமல், அதைக் கொளுத்துகிறவனுக்காக அலுமாரியில் விட்டுவிட்டு, நான் என் கதிரையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

மண்டபத்துக்குள் போய் ஒரு முழுத் தாள் எடுத்தேன். இந்த இலக்க லைசன்ஸை நான் பெற்றுக்கொண்டேன் என்றும், பற்றுச்சீட்டு கொடுக்காதது என் தவறு என்றும், பதிவேட்டைக் கொண்டுவராததும் என் தவறு என்றும், அதில் அந்தக் காணி இன்ன எல்லைகளோடு இன்ன வருடம் தொடக்கம் இவருடைய செய்கையில் இருப்பதாகப் பதிவாகியிருந்தது என்றும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். கச்சேரி திரும்பத் தொடங்கியதும் எழும்பி நின்று அதை வாசித்தேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. கோபம் இல்லை, யாரோ முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நீர் சொல்லுறது பொய் எண்டு நான் சொல்லேல்லை. என்ர பிள்ளையள் எங்க போறது, அதைச் சொல்லும்" என்றார்.

ஏ.ஜி.ஏ. ஐயா தாளை வாங்கித் தானும் ஒரு முறை வாசித்தார். பிறகு என்னைக் குனியச் சொல்லி மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, காணிக்கு இது போதும், நான் ஏற்கிறன். ஆனா இந்த ஆளிட்டத் துவக்கு இருந்தது எண்டதுக்கும் இதுதான் எழுத்து. எரிஞ்சு போன ஒண்டை நீர் திரும்ப எழுதியிருக்கிறீர். சீட்டு எங்க எண்டு ஒரு நாளைக்கு எவனாவது கேட்டால் இவர் என்ன செய்வார்?"

நான் அதை நினைக்கவே இல்லை. சட்டம் இறுகிவிட்டது என்று ஊரெல்லாம் அறிவித்தவள் நான்தான். "துவக்கு ஒப்படைக்கப்பட்டது" என்று இந்தத் தாளிலும் எழுதியிருக்கலாம். ஆனால் அதை நான் கண்ணால் காணவில்லை. ஆனாலும் அந்த ஒரு வரியைச் சேர்க்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் கூசவில்லை. காணாததை எழுதினால் ஏற்கமாட்டேன் என்று ஐயாதான் மறுத்தார். தாளைத் திருப்பி எடுத்தால் காணி இல்லை. கொடுத்தால் அந்த மனிதரின் பெயர் துவக்கோடு கோவையில் ஏறும். இதை அவரிடமே சொல்வதுதான் நியாயம் என்று ஐயா அவரைக் கிட்டக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார்.

அவர் அதிகம் யோசிக்கவில்லை. மலையில் இருந்து வந்த நாள் தொட்டு, மண்ணை எப்படி எழுத்தில் நிறுத்துவது என்றுதானே யோசித்துக்கொண்டிருந்திருப்பார்.

"அப்படின்னா காணிய இவ பேர்ல எழுதுங்க ஐயா" என்றார். "இவ பேர்ல துவக்கு இல்ல. என்னய எப்ப யாரு வந்து பிடிச்சுட்டுப் போனாலும் மண்ணு நிக்கும்."

ஏ.ஜி.ஏ. ஐயா பெர்மிட் படிவத்தை என் பக்கம் தள்ளினார். மனைவியை உள்ளே கூப்பிட்டோம். அவர் வாசலில் செருப்பில்லாத காலைத் துடைத்துவிட்டு வந்தார். நான் பேனையைத் திறந்து அவருடைய பெயரைக் கேட்டேன். தை மாதம் தவறாமல் என் யன்னலுக்கு வெளியே வந்திருந்த மனுசியின் பெயரை அன்றுதான் கேட்டேன். முதல் தடவை சொன்னது எனக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கொஞ்சம் உரத்துச் சொன்னார்.

எல்லைகளைப் பார்க்காமலே எழுதினேன். படிவத்தின் அடியில், உரியவர் இறந்தால் காணி யாருக்கு என்று ஓர் இடம் இருக்கும். "இதில உங்கட அவரைப் போடுவம்" என்றேன். அந்த ஓரிடத்திலாவது அவர் இருக்கட்டும் என்று எனக்கு இருந்தது.

மனைவி அவரைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டி, மகளின் பெயரைச் சொன்னார்.

மகளின் பெயரை எழுதினேன். காடு வெட்டிய மனிதரின் பெயர் அந்தப் பத்திரத்தில் எங்கும் இல்லை. அது இருப்பதெல்லாம் நான் எழுதிக் கொடுத்த அந்தத் தாளில், ஒரு துவக்கின் இலக்கத்துக்குப் பக்கத்தில்.